உளவியல் படித்துவிட்டு ராணுவத் தேர்வு ஆராய்ச்சிப் பக்கம் போகலாமா?

நெல்லைத்தம்பி:

எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உளவியல் கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். கூடப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்குக் கவுன்சலிங், மீதிப் பேருக்கு எச்.ஆர். எனக்குப் பிடித்தது புள்ளியியல் தாள் மட்டும்தான். வெளியே சொன்னால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் தேர்வுகளைத் தயாரிக்கவென்றே டில்லியில் டி.ஆர்.டி.ஓ. (பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) ஆய்வகம் ஒன்று இருப்பதாக ஒரு சீனியர் சொன்னார். வீட்டில் சொன்னேன். "மனசு படிக்கிறவனுக்குப் பட்டாளத்துல என்னடா வேலை, துப்பாக்கிக்குக் கவுன்சலிங் கொடுப்பியா?" என்று அப்பா கேட்டார்.

அங்கே தினமும் உட்கார்ந்து என்னதான் செய்வார்கள்? உள்ளே போக வழி என்ன? அப்புறம், கேட்கக் கூடாதோ என்னவோ, இது நிஜமாகவே அறிவியலா, இல்லை கோட்டு சூட்டு போட்ட கிளி ஜோசியமா?

செஸ்ட் நம்பர் 17:

தம்பி, மூன்று முறை எஸ்.எஸ்.பி., அதாவது ராணுவ அதிகாரிகளை எடுக்கும் தேர்வு வாரியம், போய் வந்தவன் சொல்கிறேன். கிளியாவது நெல்லுக்காகச் சீட்டை எடுக்கும். இங்கே எதற்காக எடுக்கிறார்கள் என்றே தெரியாது.

முதல் தடவை முதல் நாளே ஸ்கிரீன்ட் அவுட். மங்கலான ஒரு படத்தை 30 வினாடி காட்டுவார்கள், 4 நிமிடத்தில் கதை எழுத வேண்டும், அப்புறம் குழுவாக உட்கார்ந்து எல்லாரும் சேர்ந்து ஒரே கதைக்கு வரவேண்டும். நாங்கள் அதை மீன் மார்க்கெட் என்போம். எனக்குக் குரல் எடுபடவில்லை, மதியமே ரயில் நிலையத்தில் விட்டுவிட்டார்கள். அடுத்த இரண்டு முறையும் கான்ஃபரன்ஸ் அவுட். ஐந்து நாள் தங்கவைத்து 12 படத்துக்குக் கதை (கடைசியில் வரும் ஸ்லைடு வெறும் வெள்ளை), 60 வார்த்தைக்குத் தலா 15 வினாடியில் ஒரு வாக்கியம், 60 சூழ்நிலைக்கு 30 நிமிடத்தில் பதில், கயிறு, மரக்கட்டை, பள்ளம் எல்லாம். கடைசி நாள் அரைவட்ட மேஜைக்குப் பின்னால் அத்தனை அதிகாரிகளும் உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு நாற்காலியில் நான். "சாப்பாடு நன்றாக இருந்ததா?" என்றார் ஒருவர். "நன்றாக இருந்தது சார்." அவ்வளவுதான். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்ட நம்பர்களில் 17 இல்லை.

எந்த ஊர் போர்டு என்று சொல்லவில்லை, எல்லாம் ஒன்றுதான். என்ன குறை என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

ஓய்வில் ஒருவர்:

17-ஆம் நம்பர் தம்பிக்கு முதலில் வருத்தத்தைச் சொல்லிக்கொள்கிறேன். நான் மேஜைக்கு அந்தப் பக்கம், இன்னும் சரியாகச் சொன்னால் மேஜைக்கும் பின்னால் இருந்த அறையில், பல வருஷம் இருந்தவன். தேர்வுத் தாள் தயாரிப்பதும் அதன் கணக்கு வழக்கும்தான் என் வேலை. உள்ளிருக்கும் வினாக்களைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வெளியில் தெரிந்த விஷயத்தைப் பேசலாம்.

இந்த ஐந்து நாள் முறை இரண்டாம் உலகப் போரில் பிறந்தது. அதுவரை பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரி ஆவதற்குச் சுருக்கமான நேர்காணல், நல்ல பள்ளிக்கூடம், நல்ல உச்சரிப்பு போதும். அப்படி எடுத்தவர்கள் பயிற்சியில் கொத்துக்கொத்தாகத் தோற்றார்கள். 1942-இல் எடின்பரோவில் புதிய வாரியத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். தலைவர் இல்லாத குழுவுக்கு ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று கவனிக்கும் உத்தி அங்கிருந்து வந்தது. வில்பிரட் பியான் என்ற மனநல மருத்துவரின் யோசனை அது. அடுத்த வருஷமே, 1943-இல், டேராடூனில் நம் ஊர் வாரியம். டில்லி திமார்ப்பூரில் இப்போது இருக்கும் டி.ஐ.பி.ஆர். என்ற ராணுவ உளவியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு, அதாவது உன் சீனியர் சொன்ன ஆய்வகத்துக்கு, வேரும் அந்த டேராடூன்தான்.

மூன்று பேர் தனித்தனியாக ஒருவரைப் பார்க்கிறார்கள்: எழுத்தை உளவியலாளர், பேச்சை நேர்காணல் அதிகாரி, களத்துச் செயலை ஜி.டி.ஓ. என்ற குழுப்பணி அதிகாரி. வடக்கே இதை மனசா, வாசா, கர்மணா என்பார்கள். நம்மிடம் மனம், மொழி, மெய் என்று அழகாகவே இருக்கிறது. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்குத்தான் அந்தக் கடைசி நாள் கான்ஃபரன்ஸ். நாற்காலியில் உட்காரும் முன்பே முடிவு பெரும்பாலும் ஆகியிருக்கும், சாப்பாட்டுக் கேள்வியில் ஒன்றும் இல்லை.

நெல்லைத்தம்பி, ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள். வாரியத்தில் உட்கார்ந்து ஆளை எடைபோடுவது ஒரு வேலை. அந்தத் தராசு சரியாக நிறுக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வேலை. நீ கேட்பது இரண்டாவது. அங்கே ஆளையே பார்க்க மாட்டாய், வருஷக்கணக்கில் விடைத்தாளைத்தான் பார்ப்பாய்.

தரவுப்பூச்சி:

சார் சொல்லும் தராசு வேலைதான் நானும் செய்கிறேன், ராணுவத்துக்கு அல்ல, பள்ளித் தேர்வுகளுக்கு. தம்பி கேட்ட "தினமும் என்ன செய்வார்கள்" என்பதற்கு ஒரு உதாரணம்.

சேர்ந்த புதிதில் தமிழில் ஒப்புமை வினாக்கள் எழுதச் சொன்னார்கள். நான் எழுதியதில் ஒன்று: "தோசைக்குக் கல், இட்லிக்கு?" அ. தட்டு, ஆ. துணி, இ. கொப்பரை, ஈ. கரண்டி. விடை தட்டு என்று வைத்தேன், எங்கள் வீட்டில் அப்படி. சில மாவட்டங்களில் வெள்ளோட்டம் விட்டோம். விடைகள் வந்ததும் ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டு எண் பார்ப்போம். எத்தனை பேர் சரியாகப் போட்டார்கள் என்பது ஒன்று. அதைச் சரியாகப் போட்டவர்கள் மற்ற வினாக்களிலும் நன்றாகச் செய்தவர்களா என்பது இன்னொன்று. இரண்டாவது எண் என் இட்லிக்கு மைனஸில் போய்விட்டது. அதாவது கெட்டிக்காரப் பிள்ளைகள் தப்பாகவும் சுமாரான பிள்ளைகள் சரியாகவும் போட்டிருக்கிறார்கள்! உட்கார்ந்து பார்த்தால், நன்றாக யோசிக்கிற பிள்ளைகள் "தோசை கல்லின் மேல் வேகிறது, இட்லி துணியின் மேல் வேகிறது" என்று துணியைப் போட்டிருந்தார்கள். இன்னும் சிலர் வீட்டில் இட்லிப் பாத்திரத்துக்கே கொப்பரை என்றுதான் பெயர். வினா குப்பைக்குப் போனது. அந்த ஒரு இட்லிக்கு மூன்று வாரம்.

இதுதான் வேலை. வினாவை எழுது, வெள்ளோட்டம் விடு, தூக்கிப்போடு, மறுபடி எழுது. பிடித்தால் வா.

செஸ்ட் நம்பர் 17:

இட்லி கதை நன்றாக இருக்கிறது அக்கா. ஆனால் உங்கள் தராசு தப்பு செய்தால் என் மாதிரி ஆளுக்குத்தானே நஷ்டம்? நிறுத்தவனுக்கு என்ன?

தரவுப்பூச்சி:

நியாயமான கேள்வி. தராசு தப்பாகப் போன மிகப் பெரிய கதை அமெரிக்காவில் நடந்தது, அதுவும் ராணுவத்தில்தான்.

அங்கே சிப்பாயாகச் சேர எல்லாரும் எழுதுவது ஆஸ்வேப் என்ற தேர்வு. கணக்கு, சொல், வாசிப்பு, எந்திர அறிவு, மின்சாரம் என்று பல பகுதிகள். கணக்கும் மொழியும் சேர்ந்த நான்கு பகுதிகளிலிருந்து ஏ.எஃப்.க்யூ.டி. என்ற சதமானம் (நூறு பேரில் எத்தனை பேருக்கு மேலே நிற்கிறாய் என்ற எண்) வரும், சேரலாமா கூடாதா என்பதை அது சொல்லும். 10 முதல் 30 சதமானம் வரை நான்காம் வகை. அதற்கும் கீழே என்றால் சட்டப்படியே கதவு மூடல்.

1976-இல் எல்லாப் படைகளுக்கும் இதையே பொதுத் தேர்வாக்கிப் புதிய தாள்கள் கொண்டுவந்தார்கள். புதிய தாளில் இத்தனை எடுத்தால் பழைய தாளில் எத்தனைக்குச் சமம் என்று ஒரு பொருத்தல் அட்டவணை போடவேண்டும், நாங்கள் இதை ஈக்வேட்டிங் என்போம். அந்த அட்டவணை தப்பு. கீழ்மட்ட மதிப்பெண்களை அது தூக்கிக் காட்டியது. 1980 வரை யாரும் திருத்தவில்லை. சேர்ந்தவர்களில் நான்காம் வகை சுமார் 5 சதவீதம் என்று காகிதம் சொல்லிக்கொண்டிருந்தபோது உண்மை 30 சதவீதத்துக்குப் பக்கம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தகுதி மதிப்பெண் இல்லாமலேயே சீருடை போட்டார்கள்.

ஒரு அட்டவணை, அவ்வளவுதான்.

விஷயம் வெளியே வந்ததும் நாடாளுமன்றம் கேட்டது: "சரி, இந்தத் தேர்வில் நிறைய எடுத்தவன் நல்ல சிப்பாய் என்பதற்கு என்ன ஆதாரம்?" அதுவரை பயிற்சிப் பள்ளி மதிப்பெண்ணைத்தான் ஆதாரமாகக் காட்டிவந்தார்கள். 1982-இல் புராஜெக்ட் ஏ என்று ஒரு பெரும் ஆய்வு கிளம்பியது. பீரங்கிக்காரனைப் பீரங்கி முன்னால், மெக்கானிக்கை வண்டி முன்னால் நிறுத்தி, செய்துகாட்டச் சொல்லிப் படிப்படியாக மதிப்பெண் போட்டார்கள். வேலைத் திறமையை அறிவுத் தேர்வு நன்றாகவே முன்கூட்டிச் சொன்னது. ஆனால் ஒழுங்கு, ஊக்கம், விடாமல் செய்வது ஆகியவற்றைக் குண இயல்புக் கேள்விகள்தான் சொன்னன. என் துறையில் இதற்கு இணையாக ஒன்று நடந்ததாக நான் நினைக்கவில்லை. தப்பு செய்து மாட்டிக்கொண்டதால் கிடைத்த வரம்.

சிலேட்டுப் பலகை:

அமெரிக்கப் புகழ் போதும், கொஞ்சம் பின்னால் போவோம். நான் கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுப்பவன், இந்தப் பாடத்தை ஒவ்வொரு வருஷமும் நடத்துகிறேன்.

அதே அமெரிக்க ராணுவத்தில் 1917-இல் உளவியலாளர் ராபர்ட் எர்க்ஸ் தலைமையில் ஆர்மி ஆல்பா, ஆர்மி பீட்டா என்று இரண்டு தேர்வுகள். படிக்கத் தெரிந்தவருக்கு ஆல்பா. படிக்காதவருக்கும் ஆங்கிலம் தெரியாத குடியேறிகளுக்கும் பீட்டா, அது முழுக்கப் படங்கள். சைகையிலேயே விளக்குவார்கள். சுமார் 17 லட்சம் பேர் எழுதினார்கள். பீட்டாவில் ஒரு பகுதி, படத்தில் என்ன குறைகிறது என்று வரைந்து காட்டுவது. வலை இல்லாத டென்னிஸ் மைதானம். குழல் இல்லாத கிராமபோன். தபால்தலை இல்லாத உறை. கப்பலிலிருந்து இறங்கிய இத்தாலிய விவசாயி எந்த டென்னிஸ் மைதானத்தைக் கண்டான்? அவன் விட்டுவிட்டால் புத்தி குறைவு என்று பதிவு.

அந்த எண்களை வைத்து 1923-இல் கார்ல் பிரிகாம் என்ற உளவியலாளர் எந்த நாட்டுக்காரனுக்கு மூளை அதிகம் என்று ஒரு புத்தகமே போட்டார். குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தச் சொன்னவர்களுக்கு அது நல்ல தீனி. 1930-இல் அவரே, அந்த முடிவுகள் நிற்காது என்று எழுதித் திரும்பப் பெற்றார். அதற்குள் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து ஆறு வருஷம். இத்தனைக்கும் எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வை உருவாக்கியவரும் அவர்தான்.

தரவுப்பூச்சியின் இட்லியும் இந்த டென்னிஸ் வலையும் ஒரே தப்புதான். இட்லி மூன்று வாரத்தில் குப்பைக்குப் போனது, வலை போகவில்லை.

படம் காட்டிக் கதை எழுதச் சொல்லும் முறையைப் பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் திருத்தினால் இரண்டு முடிவு வரும் வாய்ப்பு அதில் எப்போதும் உண்டு. உலகத்தில் பாதிப் பேராசிரியர்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை.

ஓய்வில் ஒருவர்:

சிலேட்டுப் பலகை சாருக்கு: கதையை மட்டும் வைத்து யாரையும் எடுப்பதில்லை, மற்ற இரண்டு பக்கத்தோடு பொருந்துகிறதா என்றுதான் பார்ப்பது. இருந்தாலும் உங்கள் சந்தேகத்தை நான் தள்ளமாட்டேன். உள்ளே இருந்தபோது நானும் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன், விவரம் வேண்டாம்.

17-ஆம் நம்பர் தம்பிக்கு ஒரு கணக்கு. திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) 10 உள்ள ஒரு தேர்வு. நம்பகத்தன்மை, அதாவது மறுபடி அளந்தாலும் அதே மாதிரி வருவது, ஒன்றுக்கு 0.90, இது நல்ல தேர்வு. அதில் ஒருவர் மதிப்பெண்ணின் திட்டப் பிழை மூன்றுக்கும் சற்று மேல். அதே ஆள் அடுத்த வாரம் எழுதினால் மூன்று நான்கு மதிப்பெண் மேலே கீழே போவது சர்வ சாதாரணம். அப்படியென்றால் 60 எடுத்தவருக்கும் 62 எடுத்தவருக்கும் வித்தியாசம் என்ன? பெரும்பாலும் ஒன்றும் இல்லை. ஆனால் கோட்டை எங்கேயாவது போட்டுத்தானே ஆகவேண்டும்.

1958-இல் டேராடூன் விமானப்படைத் தேர்வு வாரியத்துக்கு ராமேசுவரத்துப் பையன் ஒருவர் போனார். 25 பேர், இடம் எட்டு. அவர் ஒன்பதாவது. அப்துல் கலாம். எட்டாவது ஆளுக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி எங்கள் திட்டப் பிழைக்குள் அடங்கியிருக்கும் என்பதே என் ஊகம்.

செஸ்ட் நம்பர் 17:

சார், இதைக் கேட்டு ஆறுதலடைவதா கோபப்படுவதா தெரியவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சும்மாதான் என்றால் தேர்வே எதற்கு? என் பேட்ச் நண்பன் எல்லாத் தேர்விலும் சுமாராகத்தான் தேறினான், அகாடமியில் அவன்தான் முன்னணி. ஓஹோ என்று தேறினவன் திணறுகிறான். ஆக மதிப்பெண்ணுக்கும் அப்புறம் வரும் வேலைக்கும் சம்பந்தமே இல்லை.

தரவுப்பூச்சி:

இந்த இடத்தில்தான் எல்லாரும் சறுக்குவார்கள், நானும் சறுக்கியிருக்கிறேன்.

வாடிவாசலுக்குள் விடும் முன்பு மாடுபிடி வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு அல்லவா? நோஞ்சானை அங்கேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். உள்ளே போனவர்களை மட்டும் பார்த்துவிட்டு, "உடல் பலத்துக்கும் மாடு பிடிப்பதற்கும் சம்பந்தமில்லை, எல்லாரும் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள், ஒருவன் பிடிக்கிறான் ஒருவன் விழுகிறான்" என்று சொன்னால் எப்படி? பலமில்லாதவர்கள் களத்திலேயே இல்லையே. உங்கள் நண்பர்கள் இருவருமே கோட்டைத் தாண்டியவர்கள். தாண்டாதவர்கள் அகாடமியில் என்ன செய்திருப்பார்கள் என்று பார்க்க நமக்கு வழியே இல்லை.

அப்படி ஒரு வழி ஒரு முறை கிடைத்தது, அதுவும் போர் கொடுத்தது. 1943-இல் அமெரிக்க ராணுவ விமானப் படையில் உளவியலாளர் ஜான் பிளானகன் குழு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களுக்குத் தேர்வு வைத்து, மதிப்பெண் எதுவாக இருந்தாலும் அத்தனை பேரையும் விமானி பயிற்சிக்கு அனுப்பியது. 1 முதல் 9 வரை ஒற்றை இலக்கத்தில் மதிப்பெண், ஸ்டேனைன் என்று பெயர். அந்தக் காலக் கணக்கு எந்திரத்துக்கான துளை அட்டையில் ஒரே ஒரு கட்டத்தில் அடங்கும் என்பது அதில் வசதி. மேல் எண்காரர்களில் நிறையப் பேர் விமானி ஆனார்கள், அடிமட்ட எண்காரர்களில் மிகப் பெரும்பாலோர் பாதியிலேயே வெளியேறினார்கள். கோட்டை ஒட்டி நிற்பவர்களுக்குத் தேர்வு கண்மூடித்தனமாகத்தான் தெரியும், சார் சொன்னது சரி. இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பார்த்தால் அப்படி இல்லை.

உட்லண்ட்ஸ்வாசி:

சிங்கப்பூரிலிருந்து. இங்கே தேசிய சேவைக்கு முன்னால் மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்போதே கணினி முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். வடிவங்கள், எண் வரிசை, அப்புறம் உன்னைப் பற்றிய கேள்விகள். எல்லாரும் போயே ஆகவேண்டும் என்பதால் யாரும் கோச்சிங் போவதில்லை. என் நண்பன் அதிகாரிப் பயிற்சி கிடைத்துவிடக் கூடாதே என்று வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் போட்டதாகச் சொல்லிக்கொள்வான். எனக்கு என்னவோ அவனுக்கு நிஜமாகவே வரவில்லை என்றுதான் சந்தேகம்.

ஓய்வில் ஒருவர்:

உட்லண்ட்ஸ் தம்பி, வேண்டுமென்றே தோற்பவனை ஓரளவு கண்டுபிடிக்கலாம். நிஜமாகத் தெரியாதவன் எளிய வினாவைச் சரியாகவும் கடினமானதைத் தப்பாகவும் போடுவான். நடிப்பவனுக்கு எது எளிது என்றே தெரியாது, எளியதிலும் தப்புவான். உன் நண்பனிடம் கேட்டுப்பார்.

இப்போது நெல்லைத்தம்பிக்கு வழி சொல்கிறேன், பேச்சு எங்கேயோ போய்விட்டது.

டி.ஆர்.டி.ஓ.வில் விஞ்ஞானி 'பி' பதவிக்கு உளவியலுக்கும் சில சமயம் இடம் வரும். எல்லா வருஷமும் வரும் என்று உட்கார்ந்துவிடாதே. கேட் தேர்வில் 2021 முதல் ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல் தாளில் உளவியல் ஒரு பிரிவு, அதை எழுதிவை. நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் ஆய்வு மாணவனாக உள்ளே போக ஒரு கதவு உண்டு. நான் பார்த்த நல்ல பையன்கள் பலர் அந்தப் பக்கமாகத்தான் வந்தார்கள்.

ராணுவம் மட்டும்தான் என்று நினைக்காதே. ரயில்வேயைப் பார். உதவி லோகோ பைலட் தேர்வில் கடைசியாக ஒரு கணினித் திறன் தேர்வு இருக்கிறதே, பிள்ளைகள் சைக்கோ என்பார்கள். அதில் ஒவ்வொரு பகுதியிலும் டி-ஸ்கோர் 42 எடுக்கவேண்டும், எந்தப் பிரிவுக்கும் தளர்வு கிடையாது. டி-ஸ்கோரில் சராசரி 50, விலக்கம் 10. அப்படியென்றால் 42 எங்கே விழுகிறது என்று நீயே கணக்குப் போட்டுப்பார். ரயில்வேயின் லக்னோ ஆய்வு அமைப்பில் இதற்கென்றே உளத்தொழில்நுட்பப் பிரிவு உண்டு.

வெளிநாட்டு ராணுவ ஆய்வகம் என்று கனவு காணாதே, பெரும்பாலும் அந்த நாட்டுக் குடியுரிமை கேட்பார்கள்.

தரவுப்பூச்சி:

சார் சொன்னதோடு: ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொள். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற இன்னொரு மென்பொருளில் பட்டன் அமுக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நூறு பேர். வினா-விடைக் கோட்பாடு, அதாவது ஐ.ஆர்.டி., கல்லூரிப் பாடத்தில் ஒரு பக்கம்தான் இருக்கும், நீயாகத்தான் படிக்கவேண்டும். ஆஸ்வேப் 1990-களிலேயே கணினிக்கு மாறியது. நீ போடும் விடையைப் பார்த்து அடுத்த வினாவைக் கடினமாகவோ எளிதாகவோ கொடுக்கும். அதன் அடியில் ஓடுவது இதுதான். எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு சின்னத் தேர்வை நீயே தயாரித்துப் பார். 20 வினா போதும்.

சிலேட்டுப் பலகை:

அதைத் தயாரிக்கும்போது, இதை எழுதப்போகிறவன் எந்த ஊர்க்காரன், எந்த மீடியத்தில் படித்தவன் என்று வினாவுக்கு வினா ஓரத்தில் எழுதிவை. என் மாணவர்களுக்கு இதற்குத் தனியாக ஐந்து மதிப்பெண் கொடுக்கிறேன்.

நெல்லைத்தம்பி:

எல்லாருக்கும் நன்றி. அப்பாவுக்கு மாடுபிடி உதாரணத்தைச் சொன்னேன், "ம்" என்றார். எங்கள் வீட்டில் அது பெரிய விஷயம்.

டி-ஸ்கோர் கணக்கு போட்டேன். 42 என்பது சராசரிக்கு 0.8 விலக்கம் கீழே, அதனால் மணி வடிவமாக இருந்தால் சுமார் 79 சதவீதம் பேர் ஒரு பகுதியைத் தாண்டலாம். ஆனால் ஐந்து பகுதியையும் தாண்டவேண்டும் என்றால் கதை வேறு. சரிதானே சார்?

20 வினா எழுதி ஹாஸ்டலில் 42 பேருக்குக் கொடுத்தேன். 19 வினா ஓரளவு தேறுகிறது. 7-ஆவது வினா மட்டும் மைனஸில் போகிறது, அக்காவின் இட்லி மாதிரியே. நன்றாகச் செய்தவர்கள் எல்லாரும் அதில் தப்பு. இரண்டு நாளாக அதன் வார்த்தைகளை மாற்றி மாற்றி எழுதிப் பார்க்கிறேன், பண்பாட்டுச் சிக்கலாக இருக்குமோ என்று ஒரு பக்கம் குறிப்பும் எழுதிவிட்டேன். எண் வரிசை வினாதான், அதில் எப்படி வரும் என்று புரியவில்லை.

ஓய்வில் ஒருவர்:

ஐந்து பகுதி சரிதான், எழுதுகிறவர்கள் யார் என்பதையும் அடுத்து யோசி.

7-ஆவது வினாவுக்கு ஒன்றும் எழுதாதே. முதலில் விடைக்குறிப்பைப் பார்.

நெல்லைத்தம்பி:

பார்த்தேன். விடை 'ஆ'. நான் 'இ' என்று அடித்திருக்கிறேன்.

தரவுப்பூச்சி:

வேலையில் சேர்ந்துவிட்டாய்.